மஸ்கிக்கு உயிர் இரை: ராடும் ரீலும் எப்படித் தேர்ந்தெடுப்பது?

நான் பிடித்த முதல் மஸ்கியை உயிரோடு திருப்பி விட முடியவில்லை. இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

வடக்கு விஸ்கான்சினில் ஓர் அக்டோபர் மாதம். நண்பரோட படகு. என் கையில் இருந்தது வால்ஐ மீனுக்காக வாங்கிய ஆறரை அடி ராட், சின்ன ஸ்பின்னிங் ரீல், அதில் நைலான் நரம்பு (ஊரில் தங்கூசின்னு சொல்லுவோமே, அதேதான்). முள்ளும் இரையும் மட்டும் சரியானதா வாங்கியிருந்தேன். மீன் இரையைக் கவ்வியது. இழுத்தேன், ராட் வில்லா வளைந்தது, முள் ஏறவில்லை. மீன் இரையை விடவும் இல்லை. நரம்பைச் சுற்றி, மறுபடி இழுத்து, மூன்றாவது தடவைதான் முள் ஏறியது. அதுக்குள்ள அது இரையைத் திருப்பி விழுங்க ஆரம்பித்திருந்தது. படகுக்குப் பக்கத்தில் கொண்டுவர இருபத்தைந்து நிமிஷம் ஆச்சு. முள் செவுளில் இருந்தது. அரை மணி நேரம் வாலைப் பிடித்துத் தண்ணியிலேயே நிமிர்த்தி வைத்திருந்தேன். கையை எடுத்தா வயிறு மேல வந்தது.

அந்தக் குளிர்காலம் முழுக்க இதைப் பற்றிப் படித்தேன், கேட்டேன், அடுத்த பருவத்தில் செய்து பார்த்தேன். தெரிந்துகொண்டதை ஒரே வரியில் சொல்லணும்னா: உயிர் இரையில் மஸ்கி பிடிக்கும்போது ராடும் ரீலும் மீனைப் பிடிக்க மட்டும் இல்லை, அதை உயிரோட விடவும்தான். இந்த ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கிட்டா, கடையில் தொங்கும் நூறு ராடில் எது வேணும்னு கண்டுபிடிக்கிறது பெரிய கஷ்டமில்லை.

யார் இந்த மஸ்கி?

முழுப் பெயர் மஸ்கெலஞ்ச். ஓஜிப்வே மொழியிலிருந்து வந்த பெயர். பைக் மீனோட குடும்பம், அந்தக் குடும்பத்திலேயே பெரியது. அமெரிக்காவின் வடபகுதி, கனடாவின் தென்பகுதி ஏரிகளும் ஆறுகளும் இதன் வீடு. விஸ்கான்சின் 1955-இல் இதைத் தன் மாநில மீனாக அறிவித்தது. அங்கே ஹேவர்ட் என்ற சின்ன ஊரில், நன்னீர் மீன்பிடி அருங்காட்சியகத்தில் 143 அடி நீளத்துக்கு ஒரு ஃபைபர்கிளாஸ் மஸ்கி நிற்கிறது. அதன் வாய்க்குள்ளே ஏறி நின்று ஊரைப் பார்க்கலாம். 1949-இல் அதே வட்டாரத்தில் மூன்று மாத இடைவெளியில் பிடிபட்ட இரண்டு மீன்களில் எது உலக சாதனை என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஒன்று கேல் ஜான்சன் பிடித்தது, 67 பவுண்டு 8 அவுன்ஸ். இன்னொன்று லூயி ஸ்ப்ரே பிடித்தது, 69 பவுண்டு 11 அவுன்ஸ். யார்கிட்ட கேட்கிறோம் என்பதைப் பொறுத்து பதில் மாறும்.

"பத்தாயிரம் வீச்சுக்கு ஒரு மீன்" என்று மஸ்கியைப் பற்றிச் சொல்வார்கள். ஏரியில் எண்ணிக்கை குறைவு, வளரவும் நேரம் எடுக்கும். ஐம்பது அங்குல மஸ்கி என்றால் பத்து வருஷத்துக்கு மேல் அந்தத் தண்ணியில் வாழ்ந்த மீன். அதனால்தான் இன்றைக்கு மஸ்கி பிடிப்பவர்களில் பெரும்பாலோர் அளந்து, படம் எடுத்து, திருப்பி விட்டுவிடுகிறார்கள். ஆனா "விட்டேன்" என்பதும் "பிழைத்தது" என்பதும் ஒன்றில்லை.

விழுங்க விடும் பழைய முறை

இலையுதிர் காலத்தில் தண்ணீர் குளிரும்போது உயிர் இரை நன்றாக வேலை செய்யும். இரை பெரும்பாலும் ஒயிட் சக்கர் என்ற மீன், ஓரடி நீளம், சில சமயம் அதற்கும் மேல். படகில் ஒருவர் செயற்கை இரையை வீசிக்கொண்டே போவார். சக்கர் ஒரு தக்கைக்குக் கீழே, படகுக்குப் பின்னால் மெதுவாக நீந்தி வரும். செயற்கை இரையைத் துரத்தி வந்து, கடிக்காமல் திரும்பும் மஸ்கி, பக்கத்தில் தடுமாறும் சக்கரைப் பார்த்தால் மனசு மாறிவிடும்.

மஸ்கி இரையைக் குறுக்காகக் கவ்வும். பிறகு நின்று நிதானமாகத் திருப்பி, தலைப்பக்கம் முதலில் போகிற மாதிரி விழுங்கும். பழைய முறையில் சக்கரின் மூக்கில் பெரிய ஒற்றை முள்ளை மாட்டி, மஸ்கி முழுசா விழுங்கும் வரை காத்திருப்பார்கள். பதினைந்து நிமிஷம், அரை மணி நேரம், சிகரெட் பிடித்து முடிக்கிற வரை என்று ஆளுக்கொரு கணக்கு. முள் வயிற்றில் மாட்டும். நரம்பை வெட்டிவிட்டு மீனை விட்டால் அது நன்றாகவே நீந்திப் போகும். பிடித்தவருக்கும் மனசாட்சி உறுத்தாது.

விஸ்கான்சினில் இதை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார்கள். இப்படிப் பிடித்து விட்ட மீன்களில் அன்றைக்கே செத்தவை குறைவு. ஆனால் தொடர்ந்து கவனித்தபோது, பெரும்பாலானவை ஒரு வருஷத்துக்குள் செத்துப்போயிருந்தன. நீந்திப் போன மீனைப் பார்த்து நாம் சந்தோஷப்பட்டது தப்புக் கணக்கு.

இன்று விஸ்கான்சினில் எட்டு அங்குலமோ அதற்கு மேலோ உள்ள மீனை இரையாகப் போட்டால் இரண்டில் ஒன்றைத்தான் பயன்படுத்தணும். ஒன்று, கடித்ததும் உடனே இழுக்க வேண்டிய குயிக் ஸ்ட்ரைக் ரிக். இன்னொன்று, முனை பக்கவாட்டில் வளையாத சர்க்கிள் ஹூக். (விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அந்தந்த வருஷத்துக் கையேட்டைப் பார்த்துக்கோங்க.)

நான் செய்த தப்பு இங்கேதான். குயிக் ஸ்ட்ரைக் ரிக்கை வாங்கிவிட்டு, "குயிக்"காக இழுக்க முடியாத ராடில் அதைக் கட்டினேன்.

முள்ளை முதலில் முடிவு செய்யுங்க

பெரும்பாலோர் ராடில் தொடங்குவார்கள். நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். எந்த முள் என்று தெரிந்தால்தான் ராட் என்ன வேலை செய்யணும்னு தெரியும்.

குயிக் ஸ்ட்ரைக் ரிக்கில் கம்பி லீடரில் இரண்டு ட்ரெபிள் முள் இருக்கும், அதாவது மூணு முனை முள். சக்கரின் உடம்பில் லேசாக, தோலில் மட்டும் அல்லது ரப்பர் பேண்டில் மாட்டியிருப்போம். நாம் இழுக்கும்போது முள் சக்கரிலிருந்து கழன்று மஸ்கியின் வாயில் ஏறணும். ஆனால் மஸ்கி அந்த நேரம் இரையைப் பல்லால் இறுக்கிப் பிடித்திருக்கும். வாய்க்குள் சதை குறைவு, எலும்பு அதிகம். ஆக, இரையையே அந்தப் பல்லுக்கிடையில் கொஞ்சம் நகர்த்தினால்தான் முள் ஏறும். இதற்கு வேகமும் பலமும் வேணும்.

சர்க்கிள் ஹூக் நேர் எதிர். வெடுக்கென்று இழுத்தால் முள் வாயை விட்டு வெளியே வந்துவிடும். நரம்பை மெதுவாகச் சுற்றி, கனம் தெரிந்ததும் ராடைச் சாய்த்து அழுத்திக்கொண்டே இருந்தால், முள் வழுக்கிவந்து வாய் ஓரத்தில் மாட்டும். இதற்கு விறைப்பான ராட் ஆகாது, வளைந்து கொடுக்கிற ராட் வேணும்.

நான் இப்போது பயன்படுத்துவது குயிக் ஸ்ட்ரைக். கீழே சொல்வது முக்கியமாக அதற்குத்தான். சர்க்கிள் ஹூக்குக்கு எங்கே மாறும் என்பதையும் சொல்கிறேன்.

ராட்: நீளம், பவர், ஆக்‌ஷன்

முதலில் நீளம். ராடைத் தண்ணி மட்டத்திலிருந்து நேர் மேலே வரை, கால் வட்டம் வீசுறோம்னு வெச்சுக்குவோம். ஏழு அடி ராடின் நுனி சுமார் 11 அடி தூரம் நகரும். எட்டரை அடி ராடின் நுனி 13 அடிக்கு மேல் நகரும். ராட் வளைவதில் கொஞ்சம் வீணாகும், இருந்தாலும் அதே கை வீச்சில் கூடுதலாக இரண்டு அடி நரம்பு நகர்கிறது. தண்ணிக்குள் தொய்ந்து கிடக்கும் நரம்பை நேராக்கி, அதற்கப்புறம் முள்ளை ஏத்துவதற்கு இந்த இரண்டு அடிதான் கை கொடுக்கும்.

அப்படின்னா பத்தடி ராட் வாங்கிடலாமே? வாங்கலாம், இரண்டு சிக்கல் இருக்கு. ராட் நீள நீள, நுனியில் மீன் இழுக்கும் பாரம் நம் மணிக்கட்டில் பல மடங்காக இறங்கும். சண்டை நீளும். இன்னொன்று, மீனைப் படகு ஓரம் வலைக்குள் கொண்டுவரும்போது நீளமான ராடோட நிற்கிறது தனி ஆளுக்குப் பெரிய அவஸ்தை. என் அனுபவத்தில் ஏழரை அடியிலிருந்து எட்டரை அடி வரை சரி. ரெண்டு பேர் படகில் இருந்தால் எட்டரை, தனியாகப் போனால் ஏழரை அல்லது எட்டு.

அடுத்தது பவர், அதாவது எவ்வளவு பாரத்துக்கு ராட் அசையும். மஸ்கி ராடுகளில் மீடியம் ஹெவி, ஹெவி, எக்ஸ்ட்ரா ஹெவி என்று வரும். எக்ஸ்ட்ரா ஹெவி என்பது அரைக் கிலோ ரப்பர் இரைகளை நாள் முழுக்க வீசுவதற்கானது. உயிர் இரைக்கு அது தேவையில்லை. குயிக் ஸ்ட்ரைக்குக்கு ஹெவி, சர்க்கிள் ஹூக்குக்கு மீடியம் ஹெவி.

ராடின் கைப்பிடிக்கு மேலே "3–8 அவுன்ஸ்" என்கிற மாதிரி எழுதியிருக்கும். வீசுவதற்கான எடை அது. எட்டு அவுன்ஸ் என்றால் கால் கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. ஓரடி சக்கரே அதைத் தாண்டிவிடும். பயப்பட வேண்டாம், சக்கரை யாரும் ஓங்கி வீசுறதில்லை. ஓங்கி வீசினால் தோலில் மாட்டிய முள் கிழிந்து, இரை ஒரு பக்கமும் முள் ஒரு பக்கமும் போகும். படகு ஓரத்தில் இறக்கிவிட்டு, படகை நகர்த்தி நரம்பை விட்டுக்கொடுத்தால் போதும்.

மூணாவது ஆக்‌ஷன், அதாவது ராட் எங்கே வளையும் என்பது. ஃபாஸ்ட் ஆக்‌ஷன் ராட் நுனியில் மட்டும் வளையும். மாடரேட் ஆக்‌ஷன் நடுப்பகுதி வரை வளையும். உயிர் இரைக்கு இரண்டுக்கும் நடுவில் உள்ள மாடரேட் ஃபாஸ்ட் நல்லது. நுனி கொஞ்சம் மென்மையாக இருந்தால் சக்கர் பதறுவது ராடிலேயே தெரியும். மஸ்கி பக்கத்தில் வந்துவிட்டால் சக்கர் சும்மா இருக்காது, நுனி படபடவென்று துடிக்கும். அடிப்பகுதி விறைப்பாக இருந்தால் முள் ஏறும். சர்க்கிள் ஹூக் என்றால் முழு மாடரேட். ஃபைபர்கிளாஸ் கலந்த ராட் இதற்கு ரொம்பப் பொருத்தம், விலையும் குறைவு.

கடைசியா ஒரு சின்ன விஷயம்: கைப்பிடி. இந்த ராட் பாதி நேரம் படகின் ராட் ஹோல்டரில்தான் நிற்கும். கைப்பிடி ஹோல்டரில் ஆழமாக உட்காரணும், அதே சமயம் மீன் இழுக்கும்போது சிக்காமல் வெளியே வரணும். கடையில் ராடைப் பார்க்கும்போது ஹோல்டரையும் கையோடு எடுத்துப்போய் பொருத்திப் பார்ப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

ரீல்: அந்தக் கடகட சத்தம்

செயற்கை இரைக்கும் உயிர் இரைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் ரீலில்தான் இருக்கு. செயற்கை இரை கடிபட்டதும் நாம் ராடைப் பிடித்துக்கொண்டுதான் இருப்போம். சக்கர் கடிபடும்போது ராட் ஹோல்டரில் இருக்கும், நாம் படகின் மறுமுனையில் இருப்போம். ராடை எடுக்கும் அந்தச் சில நொடிகளில் மீனுக்குப் பெரிய எதிர்ப்பு தெரியக்கூடாது, நமக்கு விஷயம் தெரியணும், நரம்பும் சிக்காகக் கூடாது.

இந்த மூன்றையும் செய்வது க்ளிக்கர். ரீலின் பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான். அதைப் போட்டுவிட்டு ஸ்பூலை விடுவித்துவிட்டால், மீன் இழுக்கும்போது நரம்பு தாராளமாக வெளியேறும், கடகடவென்று சத்தம் வரும். லேசான பிடிமானம் இருப்பதால் ஸ்பூல் தறிகெட்டுச் சுழன்று குருவிக்கூடு கட்டாது. எல்லா பெய்ட்காஸ்டிங் ரீலிலும் இது கிடையாது. இன்றைக்கு வரும் தட்டையான அழகான ரீல்கள் பலவற்றில் இல்லை. வட்ட வடிவப் பழைய பாணி ரீல்களில், உதாரணத்துக்கு அபு கார்சியாவின் அம்பாசடர் 7000 வரிசையில், இருக்கு. வாங்கும் முன் கையில் எடுத்துப் பொத்தானைத் தேடுங்க.

பெய்ட்காஸ்டிங் பழக்கமில்லையா? பெரிய ஸ்பின்னிங் ரீலும் ஆகும், ஆனால் பெய்ட்ரன்னர் வகையாக இருக்கணும். அதில் பின்னால் ஒரு நெம்பு இருக்கும். தள்ளினால் நரம்பு லேசாக ஓடும், கைப்பிடியைச் சுற்றினால் முழுப் பிடி திரும்பிவரும். என் முதல் ரீலில் இது இல்லை. மீன் இழுக்க இழுக்க வளையத்தைத் திறந்து மூடித் தடுமாறினதில்தான் பாதி நேரம் போச்சு.

அடுத்து வேகம். 5.3:1, 6.4:1 என்று எழுதியிருப்பது கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் எத்தனை சுற்று என்ற கணக்கு. நரம்பு நிறைந்த ஸ்பூலின் விட்டம் ஒன்றரை அங்குலம் என்றால் சுற்றளவு சுமார் 4.7 அங்குலம். 5.3 ரீல் ஒரு சுற்றுக்கு 25 அங்குலம் இழுக்கும், 6.4 ரீல் 30 அங்குலம் இழுக்கும். கடித்த மஸ்கி படகை நோக்கியே வருவது சகஜம். அப்போது நரம்பு தொய்ந்துவிடும். தொய்ந்த நரம்போட எவ்வளவு பெரிய ராடை வீசினாலும் முள் ஏறாது. அதனால் 6-க்கு மேற்பட்ட விகிதம் நல்லது.

ட்ராக் என்பது குறிப்பிட்ட பாரத்துக்கு மேல் போனால் நரம்பை வழுக்கவிடும் பிரேக். பொதுவான கணக்கு, நரம்பின் பலத்தில் கால்வாசி. 80 பவுண்டு நரம்புக்கு 20 பவுண்டு. கை உத்தேசத்தை நம்பாதீங்க. ஒரு கொக்கித் தராசில் நரம்பு முனையைக் கட்டி இழுத்து, எந்த எடையில் வழுக்குதுன்னு பாருங்க. நான் முதல் தடவை சோதித்தபோது "நல்லா இறுக்கமா இருக்கு" என்று நினைத்த ரீல் எட்டு பவுண்டிலேயே வழுக்கியது.

நரம்பு எவ்வளவு கொள்ளணும்? மஸ்கி கடல் மீன் மாதிரி நூற்றுக்கணக்கான கஜம் ஓடாது. நூறு கஜம் கொள்ளும் ரீல் போதும்.

நரம்பும் லீடரும்

"முப்பது பவுண்டு மீனுக்கு எதுக்குங்க எண்பது பவுண்டு நரம்பு?" எல்லோரும் கேட்பது. நானும் கேட்டேன். பலம் ஒரு காரணம் மட்டும்தான். நைலான் இழுத்தால் நீளும். தூரத்தில் மீன் கடித்தால் நம் வீச்சின் பெரும்பகுதி நரம்பை நீட்டுவதிலேயே செலவாகும். பின்னிய ப்ரெய்டு நரம்பு கிட்டத்தட்ட நீளவே நீளாது. 80 பவுண்டு ப்ரெய்டின் தடிமன் ஏறக்குறைய 18, 20 பவுண்டு நைலானின் தடிமன்தான். அதைவிட மெல்லியதைச் சுற்றினால், பலமாக இழுக்கும்போது நரம்பு ஸ்பூலில் உள்ள அடுக்குகளுக்குள் புதைந்து சிக்கிக்கொள்ளும்.

நரம்புக்கும் முள்ளுக்கும் நடுவில் கம்பி லீடர் கட்டாயம். மஸ்கியின் பல்லில் ப்ரெய்டு ஒரு நொடி தாங்காது. அறுந்தால் மீன் போனது மட்டுமில்லை, இரண்டு ட்ரெபிள் முள்ளோட போயிருக்கும்.

அந்த ஒரு நிமிஷம்

எல்லாம் சேர்ந்து எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம். க்ளிக்கர் கத்துது. செயற்கை இரையைச் சுற்றி உள்ளே எடுத்துவிட்டு, சக்கர் ராடை ஹோல்டரிலிருந்து எடுங்க. கட்டைவிரலை ஸ்பூலில் வைத்து, க்ளிக்கரை அணைங்க. இப்போதே இழுக்கக்கூடாது. சின்ன மின் மோட்டாரால் படகை மெதுவாக மீனை நோக்கி ஓட்டுங்க, நரம்பைச் சுற்றிக்கொண்டே போங்க. மீன் அசையாமல் இரையைக் கவ்விக்கொண்டு நிற்கும். நரம்பு குறுகி நேரானதும், மீன் எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்து, அதற்கு எதிர்த்திசையில் ஓங்கி ஒரே வீச்சு. மொத்தமே ஓரிரு நிமிஷம். அது விழுங்குவதற்கு முன்பே முள் வாயோரத்தில் ஏறியிருக்கும்.

அதற்கப்புறம் ஹெவி ராடின் வேலை. விளையாட்டுக் காட்டாமல், நரம்பைத் தளரவிடாமல், சில நிமிஷத்தில் மீனை வலைக்குள் கொண்டுவரணும். நீண்ட சண்டையில் மீனின் தசையில் அமிலம் சேரும். வெளியில் காயமே இல்லாத மீன்கூட அதனால் செத்துப்போகலாம். ரப்பர் பூசிய பெரிய வலை, நீளமான குறடு, முள்ளையே வெட்டும் கட்டர், மூன்றும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கணும். மீன் வலைக்குள், தண்ணிக்குள்ளேயே இருக்கட்டும். முள்ளைக் கழற்ற முடியலைன்னா வெட்டிடுங்க. முள் விலை ரெண்டு மூணு டாலர்.

பணத்தை எங்கே போடுவது?

கையிருப்பு குறைவு என்றால் ரீலுக்கும் வலைக்கும் முதலில் செலவு செய்யுங்க. ராடில் மிச்சம் பிடிக்கலாம். உயிர் இரைக்கு ராட் நாள் முழுக்கக் கையில் இருப்பதில்லை, அதனால் எடை குறைந்த விலை உயர்ந்த கிராஃபைட் தேவையில்லை. ட்ராக் சரியில்லாத ரீலும், சின்ன வலையும் மீனைக் கொல்லும். கனமான ராட் தோளை வலிக்க வைக்கும், அவ்வளவுதான்.

என்னிடம் இப்போது இருப்பது எட்டடி ஹெவி ராட், மாடரேட் ஃபாஸ்ட். க்ளிக்கர் உள்ள வட்ட ரீல், 80 பவுண்டு ப்ரெய்டு. ராடும் ரீலும் பழசாக வாங்கியதுதான், பார்க்க ஒன்றும் பெருமையாக இருக்காது. போன அக்டோபரில் அதே ஏரியில் நாற்பத்திரண்டு அங்குல மீன் ஒன்று. க்ளிக்கர் கத்தியதிலிருந்து வலைக்குள் வர ஆறு நிமிஷம். முள் இரண்டும் வாயோரத்தில். வாலைப் பிடித்து நிமிர்த்தப் போனேன். கையை உதறி, முகத்தில் தண்ணியடித்துவிட்டுப் போயிடுச்சு. படம்கூட எடுக்கலை.